பழைய லென்சுக்கு ஒரு பரீட்சை

பெரியப்பா வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது ஷட்டர் ஓடாத ஃபிலிம் கேமரா ஒன்று கிடைத்தது. பழைய இரும்புக் கடைக்காரர்கூட அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். முகத்தில் திருகியிருந்த லென்சை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு உலோக உருளை. எடை கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்வளையத்தில் ‘ஹீலியோஸ் 44-2’ என்ற பெயர், ‘2/58’ என்ற எண்கள், பட்டகம் ஒன்றை ஊடுருவிப் போகும் ஒளிக்கதிரின் சின்னம். சின்னம் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையுடையது. தொடர் எண் 78 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஆக, இது 1978-ஆம் ஆண்டு லென்ஸ்.

இந்த வகை லென்சுகள் லட்சக்கணக்கில் தயாரானவை. சில ஆயிரம் ரூபாய்க்கு இன்றும் கிடைக்கின்றன. இவற்றை டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படமெடுப்பது உலகெங்கும் பலருக்குப் பொழுதுபோக்கு. வாங்குகிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “லென்ஸ் நல்லதா?” கேள்வியிலேயே ஒரு குறை இருக்கிறது. துளையைச் சுருக்கி எஃப் 8-இல் வைத்துவிட்டால் ஏறக்குறைய எல்லா லென்சும் நல்ல பிள்ளைதான். அதன் சுபாவம் தெரிய வேண்டுமானால் துளையை முழுதாகத் திறந்து பார்க்க வேண்டும். பரீட்சையின் சூட்சுமம் இவ்வளவே.

கும்பிடும் கைகள்

ஹீலியோஸின் பூர்வீகம் ஜெர்மனி. ஜெனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வடிவமைத்த ‘பயோட்டார்’ லென்சின் சோவியத் வாரிசு இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸைஸ் வடிவமைப்புகள் பல சோவியத் ஆலைகளுக்குப் போயின. அவற்றில் இதுவும் ஒன்று. பயோட்டாருக்கும் ஒரு பாட்டன் உண்டு. அதே ஸைஸில் பால் ருடால்ஃப் 1896-இல் உருவாக்கிய ‘பிளானார்’.

இந்தக் குடும்பத்தின் அமைப்பு எளிது. நடுவில் துளை. அதன் இரு பக்கமும் குழிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வில்லைகள். கும்பிடும் கைகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டதுபோல இருக்கும். முன்பாதி ஒரு பக்கம் இழுத்துச் செய்கிற பிழையைப் பின்பாதி மறுபக்கம் இழுத்துச் சரிசெய்துவிடும். நேர்கோடு வளைவதும் ஓரங்களில் நிறம் பிரிவதும் இதனால் பெருமளவு குறைகின்றன. ஹீலியோஸில் ஆறு வில்லைகள் நான்கு தொகுதிகளாக நிற்கின்றன. இன்று கடையில் விற்கும் 50 மி.மீ. லென்சுகள் பலவும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

பிறகு ஏன் இடையில் சில காலம் இவை விலை போகவில்லை? 1985-இல் வந்த மினோல்டா 7000, தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவைப் பரவலாக்கியது. கையால் திருகும் லென்சுகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குப் போயின. அவற்றை மீட்டது 2008-இல் தொடங்கிய மிரர்லெஸ் கேமராக்களின் காலம். மீட்டதற்குக் காரணம் ஓர் எளிய அளவு.

27.46 மி.மீ.

லென்சின் பின்விளிம்பு உட்காரும் உலோக முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள தூரம் ஒவ்வொரு கேமரா வகைக்கும் நிரந்தரமானது. ஹீலியோஸைப் போன்ற, எம்42 எனப்படும் 42 மி.மீ. திருகு லென்சுகளுக்கு அது 45.46 மி.மீ. நிக்கான் எஃப் வகைக் கேமராக்களில் 46.5 மி.மீ. அதாவது எம்42 லென்சை நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால், அடாப்டரே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தள்ளி நிற்கும். தூரத்து மலை எப்போதும் மங்கல்தான்.

மிரர்லெஸ் கேமராவில் டிஎஸ்எல்ஆரில் உள்ளதுபோன்ற ஆடும் கண்ணாடி இல்லை, அதற்கு இடமும் விட வேண்டியதில்லை. சோனி இ வகையில் அந்தத் தூரம் வெறும் 18 மி.மீ. மீதமுள்ள 27.46 மி.மீ. இடத்தை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பினால் போதும். அடாப்டர் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது உள்ளே கண்ணாடி எதுவும் இல்லாத இந்தக் குழாயைத்தான்.

வெற்றுக் குழாய்தானே என்று அலட்சியம் காட்டக் கூடாது. அது 0.1 மி.மீ. தடித்துப்போனால் என்ன ஆகும்? 58 மி.மீ. லென்சில் குவியத் தூரத்தின் வர்க்கத்தை இந்தப் பிழையால் வகுத்தால் விடை 33,640 மி.மீ. ஏறத்தாழ 34 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள எதற்கும் ஃபோகஸ் எட்டாது. தெருமுனை வரை தெளிவு, கோபுரம் மங்கல். மெல்லிசாகப் போனால் பிரச்சினை சிறியது: முடிவிலிக் குறிக்குச் சற்று முன்னரே நிலா தெளிந்துவிடும், அவ்வளவுதான். அதனால் முதல் சோதனையை நிலாவிடமோ தொலைதூரச் செல்போன் கோபுரத்திடமோ வையுங்கள். அங்கே தோற்றால் லென்சைத் திட்டாமல் அடாப்டரை மாற்றுங்கள்.

கேமரா மெனுவிலும் இரண்டு வேலை உண்டு. இந்த லென்சில் மின்தொடர்பு இல்லாததால், லென்சே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற வசதியை இயக்க வேண்டும். உடலுக்குள் அதிர்வுத் தடுப்பு உள்ள கேமராவானால் குவியத் தூரம் 58 என்று நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

டார்ச் சொல்லும் ஜாதகம்

படம் எடுக்கும் முன் லென்சின் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. சாய்த்துப் பார்க்கும்போது தூசி நட்சத்திரங்களாக மின்னும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐம்பது வருட லென்சில் தூசி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சிலந்தி வலையின் இழைபோல ஓரத்திலிருந்து கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்ததுபோல இருந்தால் உட்புறப் படலம். துளையின் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால், கிரீஸ் கசிந்திருக்கிறது.

முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறதென்று விற்பவர் விலையைக் குறைத்தால் தயங்காமல் வாங்கலாம். பின்கண்ணாடியில் கீறல் என்றால் யோசிக்க வேண்டும். காரணம் இதுதான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வேண்டிய ஒளி, முன்கண்ணாடியின் அகலமான பரப்பின் வழியே உள்ளே வருகிறது. சின்னக் கீறல் மறைப்பது அதில் துளியளவு. பின்கண்ணாடிக்கு வரும்போது ஒவ்வொரு புள்ளியின் ஒளிக்கற்றையும் குறுகிவிடுகிறது. அதே கீறல் அங்கே பெரும்பங்கை அடைத்துக்கொள்கிறது.

பூஞ்சை நம் ஊருக்கு முக்கியமான விஷயம். கடலோர ஈரத்தில் தோல் உறைக்குள் மூடிவைத்த லென்ஸ், பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுத்ததுபோல. முற்றினால் அது கண்ணாடிமேல் பூசிய படலத்தையே அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் இவை போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் லென்ஸ் நம்மைவிட நீண்ட நாள் வாழும்.

சுவரில் செய்தித்தாள்

இனி பரீட்சை. மொட்டைமாடிச் சுவரில் வரி விளம்பரப் பக்கங்களை ஒட்டினேன்: நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் நான்கு. மூன்று மீட்டர் தள்ளி முக்காலியில் கேமரா.

கேமரா சுவருக்குச் சரியாக எதிர்முகமாக நிற்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கி, பழி லென்சின்மேல் விழும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. சுவரின் நடுவில், படச்சட்டத்தின் மையம் படுகிற இடத்தில், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை ஒட்டுங்கள். அந்தக் கண்ணாடியில் லென்சின் கண் படச்சட்டத்தின் நட்டநடுவில் தெரியும்வரை கேமராவை நகர்த்துங்கள். கேமராவும் சுவரும் இப்போது நேருக்கு நேர். பிறகு கண்ணாடியை எடுத்துவிடலாம்.

இரண்டு விநாடி டைமர், குறைந்த ஐஎஸ்ஓ, ரா கோப்பு, அதிர்வுத் தடுப்பு நிறுத்தம். லென்ஸ் என்ன துளையில் இருந்தது என்பது கேமராவுக்குத் தெரியாது, கோப்பிலும் பதிவாகாது. அதனால் ‘2’, ‘2.8’, ‘4’ என்று எழுதிய சீட்டை ஒவ்வொரு படத்துக்கும் சுவரில் மாற்றி மாற்றி ஒட்டினேன். இது இல்லாவிட்டால் மாலையில் கணினி முன் உட்கார்ந்து விழிக்க வேண்டியதுதான்.

ஹீலியோஸ் 44-2-இல் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எண்ணைக் குறித்துவைத்துவிட்டு, மற்றதைச் சுழற்றித் துளையைத் திறந்து மூடலாம். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் திறந்துவைத்து ஃபோகஸ் செய்து, கிளிக் செய்யும் முன் கண்ணை எடுக்காமலேயே மூடுவார்கள். டிஜிட்டலில் இதைச் செய்யாதீர்கள். சில லென்சுகளில் துளையைச் சுருக்கும்போது தெளிவான தளமே கொஞ்சம் நகரும். எந்தத் துளையில் படமெடுக்கிறோமோ அதே துளையில் ஃபோகஸ் செய்வதே சரி. விளிம்புகளில் நிறம் காட்டும் ‘பீக்கிங்’ வசதியை எஃப் 2-இல் முழுதாக நம்ப வேண்டாம். படத்தைப் பெரிதாக்கி எழுத்தைப் பார்த்துத் திருகுங்கள்.

முடிவுக்கு வருவோம். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது. எஃப் 2-இல் துளை 29 மி.மீ. நடுவிலுள்ள வரி விளம்பரத்தை வாசிக்க முடிகிறது. ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிப் பால் சிந்தியதுபோல ஒரு வெளிர் ஒளி. வில்லையின் ஓரத்தில் புகும் கதிர்கள் நடுவில் புகும் கதிர்கள் சேரும் இடத்தில் சேராமல் சற்று விலகிச் சேர்வதால் வரும் கோளப் பிறழ்ச்சி அது. மூலைகளில் எழுத்துகள் கரைந்தே போயிருக்கின்றன.

எஃப் 4-இல் பால் வடிந்துவிட்டது. விட்டம் பாதியானால் கோளப் பிறழ்ச்சியின் மங்கல் பாதியாக அல்ல, எட்டில் ஒரு பங்காகக் குறையும். விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிற பிழை அது. ஒரே ஒரு வளையத் திருப்பில் லென்ஸ் வேறு லென்சாவது இதனால்தான். எஃப் 5.6-லும் 8-லும் மூலைகள் நடுவை எட்டிப் பிடிக்கின்றன. இந்த இரண்டு படங்களையும் புது லென்சின் படங்களோடு கலந்துவைத்தால் பிரித்தெடுப்பது கடினம்.

எஃப் 16-இல் படம் முழுதும் மறுபடி ஒரே சீராக மென்மையாகிறது. இம்முறை குற்றவாளி லென்ஸ் அல்ல, ஒளியேதான். சின்னத் துளையில் புகும் ஒளி விரிந்து, புள்ளியைத் தட்டாக்குகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த விளிம்பு விளைவு. பச்சை ஒளிக்கு அந்தத் தட்டின் விட்டம் எஃப் 8-இல் ஏறத்தாழ 11 மைக்ரோமீட்டர். எஃப் 16-இல் 21. முழுச்சட்டக 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரோமீட்டர். ஒரு புள்ளி மூன்று, நான்கு பிக்சல் அகலத்துக்குப் பரவுகிறது. உலகின் எவ்வளவு விலையுயர்ந்த லென்சும் இதிலிருந்து தப்ப முடியாது.

நான்கு மூலைகளும் ஒரே அளவு மோசமாக இருந்தால் அது வடிவமைப்பின் குணம். மூன்று மூலை நன்றாக இருந்து ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அது விபத்து. லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கும். அல்லது துடைப்பதற்காகத் திறந்த யாரோ ஒரு வில்லையைச் சாய்த்து வைத்திருப்பார்கள். வாங்கும்போது இந்த ஒரு சோதனையையாவது செய்துவிடுங்கள். மற்ற குறைகளோடு வாழ்ந்துவிடலாம், இதோடு முடியாது.

லென்சுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 1978-இல் இது எடுத்த படத்தைப் போஸ்ட்கார்டு அளவில் பார்த்தார்கள். இன்று 6,000 பிக்சல் அகலப் படத்தைச் சாதாரண மானிட்டரில் முழு அளவில் பார்க்கிறோம். ஒன்றரை மீட்டருக்கும் அகலமான அச்சை மூக்கருகே வைத்துப் பார்ப்பதற்குச் சமம் அது.

எலுமிச்சை விளக்குகள்

பண்டிகைக்கு வாங்கிய சீரியல் லைட்டை மாடிக் கைப்பிடியில் தொங்கவிட்டேன். ஒரு மீட்டருக்குள் ஒரு செம்பருத்திச் செடி. பத்து மீட்டருக்கு அப்பால் விளக்குகள். எஃப் 2. பூவில் ஃபோகஸ்.

நடுவிலுள்ள விளக்குகள் வட்டமாக மலர்கின்றன. ஓரத்துக்குப் போகப் போக வட்டம் ஒடுங்கி எலுமிச்சை ஆகிறது. எல்லா எலுமிச்சைகளும் மையத்தைச் சுற்றி வளையமாகச் சாய்ந்து நிற்பதால் பின்னணியே சுழல்வதுபோன்ற தோற்றம். இலைகள் அடர்ந்த மரத்தைப் பின்னால் வைத்தால் சுழல் இன்னும் பலமாகத் தெரியும். ஹீலியோஸைத் தேடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

இதன் காரணத்தைக் கேமரா இல்லாமலேயே காணலாம். துளையை முழுதாகத் திறந்து லென்சைக் கையை நீட்டிப் பிடித்து, வானத்தை நோக்கி அதன் வழியே பாருங்கள். நேராகப் பார்த்தால் வட்ட ஜன்னல். மெல்லச் சாய்த்தால் முன்வளையம் ஒரு பக்கத்தையும் பின்வளையம் மறுபக்கத்தையும் மறைக்க, ஜன்னல் எலுமிச்சையாகும். ஓரத்து விளக்கு லென்சைப் பார்ப்பது இந்த ஒடுங்கிய ஜன்னல் வழியேதான். எஃப் 4-க்குச் சுருக்கினால் துளை சிறிதாகி நடுவில் நின்றுவிடும். வளையங்கள் அதை மறைக்க முடியாது. விளக்குகள் மறுபடி ஒழுங்காகும், ஆனால் எட்டு இதழ்த் துளையின் எண்கோணமாக.

ஏபிஎஸ்சி சென்சார் உள்ள கேமராவில் இந்தச் சுழல் பாதிதான் கிடைக்கும். சிறிய சென்சார் ஓரங்களை வெட்டிவிடுகிறது. பார்க்கும் கோணம் 87 மி.மீ. லென்சினுடையதாகச் சுருங்குகிறது. மூலைகளின் குறையும் மறையும், குணமும் மறையும்.

ஒரு படலத்தின் விலை

கடைசிப் பரீட்சை சூரியன். மாலை வெயிலைப் படச்சட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்தால் ஹீலியோஸ் கைதூக்கிவிடும். படம் முழுக்க வெளிறும். நிறங்கள் சாயம் போனதுபோலாகும்.

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பியனுப்பும். நான்கு தொகுதிகளுக்கு எட்டுப் பரப்புகள். 0.96-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.72. நூற்றுக்கு 28 பங்கு ஒளி போச்சு. போனதோடு விட்டாலும் பரவாயில்லை. அதில் ஒரு பகுதி உள்ளுக்குள் முட்டி மோதிப் படத்தின் கறுப்புப் பகுதிகளில் போய் விழுகிறது. 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதற்கு வழி கண்டார். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனுள்ள படலத்தைக் கண்ணாடியில் பூசினால், படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் அலையும் அடிப்பரப்பில் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மக்னீசியம் ஃபுளோரைடு படலத்துக்கு அந்தத் தடிமன் ஏறத்தாழ 100 நானோமீட்டர்.

ஒரு படலம் ஒரு நிறத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். மீதி நிறங்கள் கொஞ்சம் தப்பித் திரும்பும். லென்சை டியூப்லைட்டின் கீழ் பிடித்தால் தெரியும் நீலமும் ஊதாவும் அந்தத் தப்பியவைதான். பல அடுக்குப் பூச்சு, 1970களில் பென்டாக்ஸின் டக்குமார் போன்ற லென்சுகளில் பரவத் தொடங்கியது. அதற்கு முந்தைய தொழில்நுட்பத்து லென்சுக்கு டிஜிட்டலில் இன்னொரு சங்கடம். ஃபிலிமைவிட சென்சார் பளபளப்பானது. தன்மேல் விழுந்த ஒளியைப் பின்கண்ணாடிக்கே திருப்பியடிக்கும். மருந்து மலிவானது: ஒரு ரப்பர் ஹுட், அல்லது வெயிலை மறைக்கும் உங்கள் இடது கை.

பூச்சைப் பற்றிப் பேசும்போது கண்ணாடியின் நிறத்தையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் தாளின்மேல் லென்சை வைத்துப் பார்க்கையில் தேநீர் நிறம் தெரிந்தால், அது தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடியாக இருக்கலாம். ஒளியை அதிகம் வளைக்கவும், நிறம் பிரியாமலிருக்கவும் அந்தக் காலத்தில் அதைச் சேர்த்தார்கள். பழைய டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 இதற்குப் பேர்போனது. தோரியத்தின் கதிர்வீச்சே பல்லாண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்குகிறது. சில நாள் வெயிலில் வைத்தால் புறஊதாக் கதிர்கள் அந்த நிறத்தைப் பெருமளவு போக்கும். படமெடுக்கப் பயன்படுத்துவதில் ஆபத்து இல்லை. கண்ணாடியைத் தேய்ப்பது, உடைப்பது, கண்ணருகே வைத்துப் பூதக்கண்ணாடியாக்குவது மட்டும் வேண்டாம்.

மதிப்பெண் பட்டியல்

என் தீர்ப்பு இது. நடுப்பகுதித் தெளிவில் தேர்ச்சி. எஃப் 8-இல் முதல் வகுப்பு. மூலைகளில் எஃப் 2-இல் தோல்வி. எதிர்வெயிலில் படுதோல்வி. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், புதிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அளவுகோலில் இதை எளிதாக வென்றுவிடும். தானாக ஃபோகஸும் செய்யும். கல்யாண வீட்டுக்கோ ஓடி விளையாடும் குழந்தையைப் படமெடுக்கவோ ஹீலியோஸை எடுத்துப் போகாதீர்கள்.

ஆனால் தோற்ற பாடங்களில்தான் இந்த லென்சுக்கென்று ஒரு முகம் இருக்கிறது. முகத்தைச் சுற்றிய மெல்லிய ஒளி கோளப் பிறழ்ச்சி. சுழலும் பின்னணி வளையங்களின் மறைப்பு. வெளிறிய மாலைநிறம் ஒற்றைப் படலத்தின் போதாமை. ஒவ்வொன்றும் பாடப்புத்தகத்தில் பிழை என்று பெயர் வாங்கியவை. எந்தப் பிழை எந்த எண்ணில் எவ்வளவு வரும் என்று சுவரில் ஒட்டிய செய்தித்தாள் சொல்லிக்கொடுத்துவிட்டால், வேண்டும்போது அதை வரவழைக்கலாம், வேண்டாதபோது ஒரு வளையத் திருப்பில் அனுப்பிவிடலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ மாமாவோ வைத்துவிட்டுப் போன கேமரா ஒன்று இருக்கக்கூடும். ஷட்டர் ஓடாவிட்டாலும் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். லென்சைக் கழற்றி டார்ச்சை அடித்துப் பாருங்கள். இழை படராமல் கண்ணாடி தெளிவாக இருந்தால், அந்தக் குடும்பத்துக் கல்யாணங்களைப் பார்த்த கண் இன்னும் பார்க்கும் நிலையில்தான் இருக்கிறது.